ஒரு படத்துக்காக மூன்று நாள் தீட்டு

அக்டோபர் 22, புதன்

பன்னிரண்டாம் பாகம் வந்துவிட்டது. கூரியர்காரர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்கே வந்து, "குருக்களே, உங்க பொம்மைப் புக்கு" என்று சத்தமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரகாரத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மடப்பள்ளியில் உளுந்து டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு உச்சிகாலப் பூஜையை முடித்தேன். நடை சாத்திய கையோடு அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். மூலை நசுங்கவில்லை. முதலில் மோந்து பார்த்தேன். எத்தனை பாகம் வந்தாலும் இந்தப் பழக்கம் போகாது போல.

நான்கு வருடம் முன்னால் செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன முதல் பாகம் என் கைக்கு வந்தது. ஜப்பான் படக்கதைப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும் என்று அப்போது தெரியாது. பின்னாலிருந்து முன்னால் படித்துவிட்டு, இதென்ன, எல்லோரும் முதலில் அழுது பிரிந்துவிட்டு அப்புறம் அறிமுகம் ஆகிறார்களே என்று யோசித்தது நினைவிருக்கிறது. இப்போது மாடி அறையில் ஒரு அலமாரி நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. ஐப்பசி ஈரத்துக்குப் பயந்து மாத்திரை டப்பாவில் வரும் சின்னச் சின்னப் பொட்டலங்களை அலமாரிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா தன் பட்டுப்புடவைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.

கதை ஒன்றும் பெரிதில்லை. மலைக்கு நடுவில் ஒரு ரயில் நிலையம். நாளுக்கு ஒரே ரயில். அதிலிருந்தும் பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை. மியோ என்கிற பெண் அங்கே தனியாக வேலை பார்க்கிறாள். பெருக்குகிறாள், விளக்கேற்றுகிறாள், கொடி காட்டுகிறாள். அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டாம் பாகத்தின் நடுவில் ஒரு பக்கம் முழுக்க வெறும் பனி. வசனம் கிடையாது. சாயரட்சைக்கு நடை திறக்க நேரமாகிவிட்டது, நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, சனி

படம் வருகிறது. மியோவின் கதை, முழு நீளப் படம். வெள்ளிக்கிழமை 31ஆம் தேதி வேலூரில் ஒரே தியேட்டர், ஒரே காட்சி, காலை ஒன்பதரை. அன்றைக்கு மட்டும்.

ஐப்பசி என் முறை. எங்கள் கோயிலில் ஒரு மாதம் நான், ஒரு மாதம் பெரியப்பா. அப்பா இருந்தபோது அப்பாவும் பெரியப்பாவும். காலைப் பூஜை ஆறரைக்கு. வேலூருக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் படம்.

அக்டோபர் 27, திங்கள்

யோசித்துப் பார்த்தேன்.

லீவு கேட்க முடியாது. ஆகஸ்டில் சென்னையில் அனிமே என்கிற ஜப்பான் பொம்மைப்பட விழாவுக்குப் போய் வந்தபோது தர்மகர்த்தா ஆதிமூலம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சாமி, நீங்க குருக்களா, பொம்மை வியாபாரியா? இன்னொரு தரம் இதுக்காகப் போனீங்கன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன்." கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் செய்வார்.

காய்ச்சல் என்று சொல்லலாம் என்றால், காய்ச்சலை ஜூலையிலேயே செலவு செய்துவிட்டேன். அப்போது ஆதிமூலம் கஷாயத்தோடு வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் கும்பகோணத்தில் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமைதான் வருவார்கள். அம்மா காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டில். ஒரு வாரத்துக்கு இந்தக் காம்பவுண்டில் நான் ஒருத்தன்தான்.

அக்டோபர் 29, புதன்

தீட்டு.

பங்காளி செத்தால் பத்து நாள் தீட்டு. கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் சாவு நடந்து பத்து நாள் கழித்து, மூன்று மாதத்துக்குள் சேதி வந்தால், கேட்ட நாளிலிருந்து மூன்றே நாள். வெள்ளிக்கிழமை விடிகாலை "இப்போதுதான் சேதி வந்தது" என்று சொன்னால் வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பிரதோஷத்துக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றுவிடலாம். தீட்டு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கஷாயம் கொண்டு வர மாட்டார்கள், வீட்டுப் பக்கமே வர மாட்டார்கள்.

எங்கள் தாத்தாவின் தம்பி கிளை ஒன்று பெங்களூர்ப் பக்கம் போய் ஒட்டுறவு இல்லாமலே போய்விட்டது. அங்கே ஒருத்தர் போய்விட்டதாகச் சொன்னால் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன் பார்.

அக்டோபர் 31, வெள்ளி

ஐந்தரைக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆதிமூலத்துக்குப் போன் செய்தேன். பங்காளி ஒருத்தர், பெங்களூர், போன மாதமே காரியம் எல்லாம் ஆகிவிட்டது, இப்போதுதான் தகவல் வந்தது. "அடடா. பேரு என்ன சாமி?" என்றார். பெயரை யோசித்து வைக்கவே இல்லை. எதிரே நின்ற மினி பஸ்ஸின் நெற்றியில் 'சந்திரசேகர்' என்று எழுதியிருந்தது. சந்திரசேகர் என்றேன். "பெரியவருக்குச் சொல்லணுமே" என்றார். பெரியப்பாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சின்ன கோபுரத் தெரு கார்த்திக்கை மூன்று நாளைக்கு வரச் சொல்வதாகச் சொன்னார். கார்த்திக் வேறு கோத்திரம், அவனுக்கு இந்தத் தீட்டு ஒட்டாது. எல்லாம் சரியாக அமைந்தது.

விபூதியைத் துடைத்துவிட்டு, குடுமியை முடிந்துகொண்டு போனேன். தியேட்டரில் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஜப்பான் கதைகளில் வருகிறவர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு காலேஜ் பெண் என் தலையைப் பார்த்து, "அண்ணா, சாமுராய் கெட்டப்பா? சூப்பரா இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அது இன்றைய இரண்டாவது பொய்.

படம் நன்றாக இருந்தது. இதை எழுதாவிட்டால் அது மூன்றாவது பொய். அந்தப் பனிப் பக்கம் திரையில் வந்தபோது தியேட்டரே மூச்சு விடவில்லை. எழுத்து எல்லாம் ஓடி முடிந்து விளக்குப் போட்டும் நான் எழுந்திருக்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மா வந்து, "தம்பி, கெளம்பு" என்றார்.

நவம்பர் 1, சனி

தீட்டுக்காரன் வெளியே போகக்கூடாது என்பதால் மாடியிலேயே இருந்தேன். பன்னிரண்டு பாகத்தையும் முதலிலிருந்து படிக்கிறேன். ஐந்து முடிந்தது. நல்ல விடுமுறை.

நவம்பர் 3, திங்கள்

ஐயோ.

காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பெரியப்பா வாசல்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கும்பகோணத்திலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேராக வந்திருக்கிறார். அன்னாபிஷேகத்துக்கு அரிசி வந்தாயிற்றா என்று பார்க்க. வாசலில் ஆதிமூலம் அவரிடம் துக்கம் விசாரித்துவிட்டார்.

பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தச் சந்திரசேகர்? சித்தப்பா பிள்ளை சேகரா?"

எனக்குப் பெங்களூரில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆதிமூலம் பக்கத்திலேயே நிற்கிறார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்து வாசல்படிக்கு வெளியே போய் நின்றார். அப்புறம்தான் கேட்டார். "ஏன்டா எனக்குச் சொல்லலை? கேட்ட க்ஷணத்துலேந்துதான் கணக்கு. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமையோட போயிருக்குமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு. அவருக்கு இன்றைக்குத்தானே காதில் விழுந்தது. திங்கள், செவ்வாய், புதன். புதன்கிழமை அன்னாபிஷேகம்.

யார் முறையாக இருந்தாலும் எங்கள் கோயிலில் அன்னாபிஷேகம் பெரியப்பாவுடையது. இருபத்திரண்டு வருடமாக அவர் கைதான். லிங்கம் முழுக்கச் சாதத்தை அப்பி, அதிலேயே கண்ணும் மூக்கும் புருவமும் எடுத்து, அப்பளத்தில் காது வைத்து, பார்க்கிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் எங்கள் சந்துக்குள் திரும்பி வருவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அவர் வருடம் முழுக்கப் பேசுவதும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

"நீ பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரதோஷத்துக்கு நான்தான் நின்றேன். மந்திரம் பாட்டுக்கு வாயில் ஓடியது. மனசு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அதே நாள், பிற்பாடு

சொல்லிவிடலாம். இப்போது கீழே இறங்கிப் போய்ச் சொன்னால் போதும். சாவு இல்லை என்றால் தீட்டு இல்லை. புதன்கிழமை அவர் போய் நிற்கலாம்.

போனேன். கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்று எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி, கோத்திரம் சொல்லி. மினி பஸ்ஸின் பெயர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி மாடிக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். பெரியம்மா சொல்லியிருக்கிறாள். "எனக்கும் சொல்லணும்னு தோணலையா? விளக்கேத்திட்டு உக்காந்திருக்கேன், அப்ப போன் வருது." இருமிக்கொண்டே பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தாளாம்.

பெரியம்மா உண்ணாமுலை மாடிப்படி பாதி வரை வந்து என்னிடம் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ராத்திரி பூரா தூங்கலைடா அவர். சேகரும் இவரும் ஒரே பாடசாலை, ஒரே இலை. அவர் குடுமியை எடுத்துட்டு மில்லு வேலைக்குப் போனார் இல்லையா, அதுக்கு இவர், அவா அப்பா போனன்னிக்கு, அத்தனை பேர் முன்னாடி, நீ கொள்ளி வைக்க லாயக்கில்லைன்னுட்டார். அதோட பேச்சு நின்னுபோச்சு. நாப்பது வருஷம். இந்த வருஷம் போய்ப் பாக்கணும், பாக்கணும்னு சொல்லிண்டிருந்தார்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் இருந்த பெயர். வேறு எந்தப் பெயர் இருந்திருந்தாலும் இந்த அளவுக்கு ஆகியிருக்காது. இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. வேறு பெயர் சொல்லியிருந்தாலும் அவர் புதன்கிழமை வெளியேதான் நின்றிருப்பார்.

இன்றைக்குச் சொல்லியே தீர வேண்டும். நாளைக் காலைக்குள்.

பயம் எதற்கு? வேலைக்கா? ஆமாம், வேலைக்கும்தான். ஆனால் அதைவிட, "படம் பாக்கவா?" என்று அவர் கேட்பாரே, அந்த ஒரு கேள்விக்கு. வீட்டில் ஏற்கெனவே எல்லோருக்கும் நான் பொம்மை பார்க்கிற பிள்ளைதான்.

நவம்பர் 5, புதன்

சொல்லவில்லை.

பெரியப்பா நான்கு தடவை போன் செய்தார். சாதம் எவ்வளவு ஆற வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "கையில ஈரம் ஜாஸ்தி வேண்டாம், வழுக்கும். கம்மியாவும் வேண்டாம், ஒட்டிக்கும். அவசரப்படாதே." நான்காவது தடவை பேசியபோது சாதம் வடித்து, ஆற வைத்து, அள்ளக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "உப்பு போட்டுடலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

இடது பக்கம் மூன்று தடவை சரிந்தது. கண் எடுக்க வரவில்லை. கடைசியில் இரண்டு திராட்சையை வைத்தேன். மூக்கு வந்த மாதிரி இருந்தது. திரை விலக்கியபோது ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நன்றாக இருக்கிறது என்றுகூட இரண்டு பேர் சொன்னார்கள். ஆதிமூலம் மட்டும் பக்கத்தில் வந்து, "பெரியவர் கை வராது. இருந்தாலும் பரவால்ல சாமி" என்றார்.

கூட்டத்துக்குத் தயிர்சாதம் கொடுத்து முடித்து வெளியே வந்தால், சந்து முனையில், ஜனத்தோடு ஜனமாக, பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கோயில் எல்லைக்கு வெளியேதான். உள்ளே இருப்பது அங்கிருந்து தெரியாது. போகிறவர்கள் கையிலிருக்கும் பிரசாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நன்னா அமைஞ்சதா?" என்று கேட்டார்.

அமைந்தது என்றேன்.

நான் எவ்வளவு கேவலமானவன் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நவம்பர் 6, வியாழன்

அலமாரிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. சனிக்கிழமை பார்க்கிற அனிமே தொடர் இரண்டு வாரம் பார்க்காமல் கிடக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். "சோமேஷ் அண்ணா, வேலூர்ல பாத்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" பதில் போடவில்லை.

பெரியப்பா நாளைக்குப் பெங்களூர் போகிறாராம். சேகர் மனைவியைப் பார்க்க. பழைய இன்லேண்ட் லெட்டர் ஒன்றில் அல்சூர் விலாசம் கிடைத்திருக்கிறது. பெரியம்மா பழம் வாங்கி வைத்திருக்கிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பெங்களூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. பையைக் கையில் கொடுத்தேன், விடவில்லை. அவர் இழுத்தார். நான் விடவில்லை. பெரியப்பா, யாரும் சாகவில்லை என்றேன். வேலூரில் ஒரு படம். அதற்குத்தான். பேரை ஒரு பஸ்ஸைப் பார்த்துச் சொன்னேன். சேகர் பெரியப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கண்டக்டர் ஓசூர், பெங்களூர் என்று கத்திக்கொண்டிருந்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ சேகர் இருக்கானா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"இருக்கானா இல்லையா?"

"எனக்குத் தெரியாது பெரியப்பா. நிஜமா தெரியாது."

என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும் வரை என்னைப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது சொன்னார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ஆதிமூலத்துக்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

நவம்பர் 8, சனி

சொன்னேன். ஆதிமூலம், "சாவுன்னு நான் பத்து பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன் சாமி" என்றார். அப்புறம், "போங்க. பெரியவர் வரட்டும்."

நவம்பர் 10, திங்கள்

பெரியப்பா வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை. பெரியம்மாதான் சொன்னாள். அல்சூரில் அந்த வீடே இல்லையாம், இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பூக்கடைக்காரி மட்டும், அவர்கள் மைசூர் பக்கம் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது என்றாளாம். மைசூரில் எங்கே? தெரியாது. பழத்தை அங்கே ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"இப்ப சேகரை இருக்கறவராவும் நினைக்க முடியலை, போனவராவும் நினைக்க முடியலைன்னு சொல்றார்டா" என்றாள் பெரியம்மா. "தண்ணி வேற விட்டுட்டேனே, அது அவனுக்கு ஆகுமா, ஆகாதாங்கறார். நான் என்னத்தைச் சொல்றது?"

நவம்பர் 13, வியாழன்

வேலை போகவில்லை. பெரியப்பா கேட்டுக்கொண்டாராம். ஆதிமூலம் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். விசேஷ நாட்களில் மட்டும் கருவறைக்குள் நான் வேண்டாம், சித்திரை வரைக்கும். சரி என்றேன். தண்டனையை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கொடுத்திருக்கலாம்.

மைசூரில் இருக்கிற சிவன் கோயில்களின் எண்களைத் தேடிப் போன் செய்கிறேன். சேகர், எழுபது வயது இருக்கும், திருவண்ணாமலைப் பக்கம், மில்லில் வேலை பார்த்தவர். பதினோரு கோயில் ஆயிற்று. பாதி இடத்தில் கன்னடம்தான். எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

நவம்பர் 22, சனி

இன்று பெரியப்பா மாடிக்கு வந்தார்.

முட்டிவலிக்காரர். நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து அவர் இந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். நான் எழுந்து நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டில் நிற்கிற பொம்மைகளை, உறை போட்ட புத்தகங்களை, எல்லாவற்றையும்.

"எது?" என்றார்.

மியோவின் முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். இப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்கு வராது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் விரல் கட்டத்துக்குக் கட்டம் சரியாக நகர்ந்தது.

நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "ஆளே வராத எடத்தை எதுக்குத் தினம் பெருக்கறா?" என்று கேட்டார்.

"யாராவது வந்தா குப்பையா இருக்கக் கூடாதுன்னு."

உம் என்றார். முதல் அத்தியாயம் முடிந்ததும் மூடி, உறைக்குள் போட்டு, என் கையில் கொடுத்தார்.

"மட்டமா இருக்கும்னு நினைச்சுண்டு வந்தேன். மட்டமா இருந்தா உன்னை நாலு திட்டு திட்டிட்டுப் போயிடலாம்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கும்பகோணத்துக்கு ஒரு போன் போட்டு, பெரியப்பா, இப்படி ஒரு படம், போகணும்னு சொல்லியிருந்தா, நான் வியாழக்கிழமையே கெளம்பி வந்து உன் பூஜையைப் பாத்திருப்பேன். என்கிட்ட கேக்கலாம்னு உனக்குத் தோணவே இல்லையே சோமு. அதுதான் எனக்கு ஆறலை."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. படியில் இறங்கும்போது கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

உண்மைதான். அப்படிக் கேட்கலாம் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. சாவைக் கண்டுபிடிக்கத் தோன்றியது, நாள் கணக்குப் போடத் தோன்றியது. இதுமட்டும் தோன்றவில்லை.

டிசம்பர் 3, புதன்

தீபம். ஊர் முழுக்கத் தலையாக இருக்கிறது. எங்கள் கோயிலில் உள்ளே பெரியப்பா. நான் வெளியே வரிசையைப் பார்த்துக்கொண்டேன், செருப்பை ஒதுக்கி வைத்தேன். மலையில் ஏற்றியதும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

மார்கழி, என் முறை. பதின்மூன்றாம் பாகம் வந்தது. இந்த முறை கூரியர்காரரிடம், வீட்டிலேயே கொடுங்கள் என்று சொல்லவில்லை. பிரகாரத்தில் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்டேன். பெரியப்பாவும் இருந்தார்.

இன்னும் பிரிக்கவில்லை.

ஜனவரி 14, புதன்

தை பிறந்தது. மாதம் மாறுகிறதே, பெரியப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இப்போதெல்லாம் பேசுகிறார். எண்ணெய் இருக்கிறதா, பூக்காரி வந்தாளா, அந்த மாதிரி.

மைசூர், முப்பத்தொன்பது கோயில். யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

மாசி, மறுபடியும் என் முறை. வெள்ளிக்கிழமை வேலூரில் வேறொரு படம் போடுகிறார்கள். மூன்று நாள் யோசித்தேன். போக வேண்டும் என்று பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே கேட்கலாம் என்று கீழே போனேன்.

பெரியப்பா தாழ்வாரத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"வெள்ளிக்கிழமை காலம்பற பூஜையை நீங்க பாத்துக்க முடியுமா பெரியப்பா? எனக்கு வேலூர்ல..."

கையை உயர்த்தினார். பூவில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"பாத்துக்கறேன். சாவியை வியாழக்கிழமை ராத்திரியே கொடுத்துடு."

"வேலூர்ல ஒரு படம் பெரியப்பா. அதுக்குத்தான்."

"காரணம் எல்லாம் வேண்டாம்பா" என்றார். கோபமே இல்லை குரலில். "போறேன்னு மட்டும் சொல்லு, போதும். காரணம் சொல்லாதே."

சரி என்றேன். அவர் அடுத்த பூவை எடுத்தார். நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

இந்தத் தடவை காரணம் உண்மை.